பின்னச்சுக்கு முன்னால் இரண்டு அங்குலம்

ட்ரெய்லரை ட்ரக்கோடு மாட்டும் இணைப்பான ஹிட்சைப் பொருத்தும் பணிமனை ஒன்றில், நல்ல அனுபவமுள்ள ஒரு தொழிலாளி சொன்ன யோசனை பல வாரங்கள் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. எங்களுடையது சிறிய பெட் (பின்னாலுள்ள திறந்த சரக்குத் தொட்டி) கொண்ட பிக்கப் ட்ரக். அதில் ஃபிப்த் வீல் ட்ரெய்லரை, அதாவது பம்பரில் அல்லாமல் பெட்டின் உள்ளேயே மாட்டும் ட்ரெய்லரை, இழுக்க வேண்டுமானால், கூர்மையான திருப்பங்களில் ட்ரெய்லரின் மூக்கு ட்ரக் கேபினின் பின்கண்ணாடியை இடிக்காமலிருக்க, முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடர் வகை ஹிட்ச் வேண்டும் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விதி. அவர் அதை மறுத்தார். நகராத சாதாரண ஹிட்சையே வாங்கி, அதை ட்ரக்கின் பின்னச்சுக்கு எட்டு அங்குலம் பின்னால் தள்ளி நிரந்தரமாகப் பொருத்திவிட்டால் கண்ணாடியும் தப்பும், ஸ்லைடருக்கான செலவும் மிச்சம் என்றார். இப்படிப் பலருக்குச் செய்து கொடுத்திருப்பதாகவும், யாரும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்றும் சொன்னார். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. ஆனால் ஹிட்ச் தயாரிப்பாளர்களின் கையேடுகள் ஏறக்குறைய எல்லாமே, ட்ரெய்லரின் மூக்குக்கு அடியிலிருந்து ஹிட்சுக்குள் பூட்டும் இரும்பு முளையான கிங்பின், பின்னச்சுக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்று முன்னாலோ அமர வேண்டும் என்கின்றன. அந்தச் 'சற்று முன்னால்' என்பது பெரும்பாலும் இரண்டு அங்குலத்தை ஒட்டிய அளவு. இரண்டு அங்குலம் முன்னால் என்பதற்கும் எட்டு அங்குலம் பின்னால் என்பதற்கும் இடையே உண்மையில் என்னதான் நடக்கிறது என்று தெரியாமல், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊரில் ஹிட்ச் பற்றிய பேச்சு எப்போதும் ஒரு பெரிய எண்ணில்தான் தொடங்குகிறது. 16,000 பவுண்டு, 20,000 பவுண்டு, 25,000 பவுண்டு என்று ஹிட்சின் மேல் பொறித்திருக்கும் இழுதிறனைப் பார்த்து, பெரிய எண்ணை வாங்கினால் பெரிய பாதுகாப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரும்பு எவ்வளவு தாங்கும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. ட்ரக் எவ்வளவு தாங்கும் என்பதை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் மஞ்சளும் வெள்ளையுமான ஒட்டுத்தாள்தான் சொல்லும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும் பேலோடுதான் முதலில் படிக்க வேண்டிய எண். ஃபிப்த் வீல் ட்ரெய்லர் தன் மொத்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை, சில சமயம் கால் பங்கை நெருங்கும் அளவை, கிங்பின் வழியாக ட்ரக்கின் மேல் இறக்குகிறது. பம்பருக்குக் கீழே உருண்டையில் மாட்டும் ட்ரெய்லர்கள் பத்து முதல் பதினைந்து விழுக்காட்டைத்தான் இறக்கும். ஆகவே சாமான்களும் தண்ணீரும் நிரப்பிய பிறகு 12,500 பவுண்டு எடையுள்ள ட்ரெய்லர் 2,500 பவுண்டுக்கு மேல் ட்ரக்கின் தலையில் வைக்கும். அதோடு ஹிட்சின் எடை, மனைவி, குழந்தைகள், ஓட்டுபவர், பெட்டில் கிடக்கும் கருவிப்பெட்டி எல்லாமே அதே பேலோடில்தான் கழியும். முக்கால் டன் என்ற பெயரில் வகைப்படுத்தும் டீசல் ட்ரக்குகளில் பல, மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு என்று பதிவாகியிருப்பதால், விளம்பரத்தில் பெரிய இழுதிறனைக் காட்டினாலும் பேலோடில் இந்தக் கணக்குக்கே மூச்சுத் திணறும். டீசல் இயந்திரத்தின் எடையே அதில் கணிசமான பங்கைத் தின்றுவிடுகிறது. அரை டன் ட்ரக்குகளைப் பற்றி இங்கே பேசவே வேண்டியதில்லை. ஒரு டன் வகை ட்ரக்கை நாங்கள் தேடி வாங்கியதற்குக் காரணம் இதுதான். அதில் பேலோடு போதுமானதாக இருந்தது. ஆனால் கிடைத்த ட்ரக்கின் பெட் எட்டு அடி நீளமல்ல, ஆறரை அடி வகை. எல்லாச் சிக்கலும் அந்த ஒன்றரை அடியில் தொடங்குகிறது.

கேபினுக்கும் அச்சுக்கும் நடுவே

எட்டு அடி பெட் உள்ள ட்ரக்கில், கேபினின் பின்சுவரிலிருந்து பின்னச்சின் மையம் வரை ஏறக்குறைய 56 அங்குலம் இருக்கும். எங்கள் ட்ரக்கில் அதே தூரம் 40 அங்குலம். ட்ரெய்லரோ எல்லா ட்ரக்குக்கும் ஒரே அகலத்தில்தான் வருகிறது: 96 அங்குலம், இப்போது பெரும்பாலும் 102 அங்குலம். ட்ரெய்லர் 90 பாகை மடங்கி நிற்கும்போது, அதன் முன்மூலை கிங்பின்னிலிருந்து கேபினை நோக்கி எவ்வளவு நீளும் என்று ஒரு தாளில் வரைந்து பார்த்தால், அது ட்ரெய்லரின் பாதி அகலம்தான் என்பது உடனே தெரிந்துவிடும். மூக்கு கிங்பின்னுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளியிருந்தாலும் சரியாக 90 பாகையில் அந்த நீளம் மாறுவதில்லை. அதற்குக் குறைவான கோணங்களில்தான், பின் பாக்ஸ் (கிங்பின்னைத் தாங்கும் இரும்புக் கை) முன்னோக்கி நீண்டிருந்தால் கொஞ்சம் இடம் கூடுதலாகக் கிடைக்கும். 102 அங்குல அகலத்துக்கு 51 அங்குலம் வேண்டும். நீண்ட பெட்டில் அது தானாகவே கிடைத்துவிடுகிறது, எங்கள் பெட்டில் கிடைக்காது. இப்போதைய ட்ரெய்லர்களின் முன்முகத்தை மூலைகளில் வளைத்து ஒடுக்கியிருப்பதால், எங்களுடையதில் மூலைக்குத் தேவைப்படும் தூரம் 46 அங்குலமாகக் குறைகிறது. அப்படியும் அச்சுக்கு இரண்டு அங்குலம் முன்னால் கிங்பின் அமர்ந்தால் கேபினுக்கு மிஞ்சுவது 38 அங்குலம்தான். எட்டு அங்குலம் குறைகிறது. முகாம் திடல்களில் மரங்களுக்கு நடுவே ட்ரெய்லரைப் பின்னோக்கித் தள்ளும்போது, கண்ணாடி உடைந்து விழுவது இந்த எட்டு அங்குலத்தால்தான்.

ஆக, பணிமனைக்காரர் ஒரு உண்மையான சிக்கலுக்குத்தான் விடை சொல்லியிருந்தார். 40 அங்குலத்தோடு எட்டைக் கூட்டினால் 48. தேவை 46. கணக்கு நேராகிறது. அதனால்தான் அந்த யோசனையை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

முன்பாரமும் பின்பாரமும்

கட்டை வண்டியில் பாரம் ஏற்றுகிறவர்களைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு அச்சுக்கு முன்னால், பின்னால் என்ற பேச்சை விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை அடுக்கி முடித்ததும் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பி வண்டி குடைசாயும். அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் பாரம் நிற்கும்படி ஒரு மூட்டையை இப்படியும் அப்படியும் நகர்த்திச் சரிசெய்வார். ட்ரக்கிலும் அச்சுதான் தாங்குபுள்ளி. கிங்பின் அச்சுக்கு முன்னால் அமர்ந்தால், இறங்கும் எடையில் ஒரு சிறு பகுதி முன்சக்கரங்களுக்குப் போய்ச் சேருகிறது. பின்னால் அமர்ந்தால் முன்சக்கரங்களிலிருந்து எடை உருவப்படுகிறது. திசைதிருப்புவதும், பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் வேலை என்பதால் அந்த எடை வீணான எடை அல்ல.

எவ்வளவு உருவப்படுகிறது என்பதற்குக் கணக்கு எளிது. கிங்பின் எடையை, அது அச்சிலிருந்து விலகியிருக்கும் தூரத்தால் பெருக்கி, இரு அச்சுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்தால் போதும். 160 அங்குல அச்சு இடைவெளியும் 2,600 பவுண்டு கிங்பின் எடையும் இருந்தால், எட்டு அங்குலம் பின்னால் பொருத்தும்போது முன்னச்சு இழப்பது 130 பவுண்டு. இதைக் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்குத் தயக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. டீசல் ட்ரக்கின் முன்னச்சு 4,700 பவுண்டுக்கு மேல் சுமந்துகொண்டிருக்கிறது. அதில் 130 என்பது மூன்று விழுக்காடுகூட இல்லை. இத்தனை கையேடுகளும் இத்தனை அழுத்தமாகச் சொல்லும் விதிக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதானா என்ற கேள்விக்கு, தாளில் போட்ட கணக்கு விடை தரவில்லை.

எடைமேடையில் கண்டது

எங்களுடையதைப் போன்ற ட்ரக்கும், கையால் நகர்த்தும் ஸ்லைடர் ஹிட்சும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஞாயிறு காலை நெடுஞ்சாலையோர ட்ரக் நிறுத்தத்தில் இருக்கும் கேட் ஸ்கேல் எடைமேடைக்கு வரச் சம்மதித்தார். 1977இல் அயோவா மாநிலத்தின் வால்காட்டில் தொடங்கிய நிறுவனத்தின் எடைமேடை அது. இன்று அமெரிக்க நெடுஞ்சாலைகள் எங்கும் இருக்கிறது. முன்னச்சு, பின்னச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனித் தளங்களில் நிற்கும்படி வண்டியை ஏற்றினால், மூன்றுக்கும் தனித்தனி எடை அச்சிட்ட சீட்டு கிடைக்கும். எண்கள் 20 பவுண்டுப் படிகளில் வரும். ஒரு நாளைக்குள் மறுபடி எடைபோட்டால் கட்டணம் குறைவு என்பதால், ஹிட்சின் தலையை முன்னிலையில் வைத்து ஒரு முறையும், 12 அங்குலம் பின்னுக்கு நகர்த்தி ஒரு முறையும் ஏற்றினோம். ட்ரெய்லர் இல்லாமல் ட்ரக் மட்டும் நின்றபோது முன்னச்சு 4,760, பின்னச்சு 3,300. ஹிட்ச் முன்னிலையில், அதாவது அச்சுக்கு இரண்டு அங்குலம் முன்னால் இருந்தபோது 4,800, 5,860. பின்னிலையில், அச்சுக்குப் பத்து அங்குலம் பின்னால், 4,600, 6,060.

அந்த இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் முன்னச்சை மட்டுமே எண்ணிக் கவலைப்பட்டிருந்தேன். சீட்டுகள் பின்னச்சின் பக்கம் என் கவனத்தைத் திருப்பின. கிங்பின் இறக்குவது 2,600 பவுண்டுதான், ஆனால் ஹிட்ச் பின்னிலையில் இருக்கும்போது பின்சக்கரங்கள் கூடுதலாகச் சுமப்பது 2,760. முன்னாலிருந்து உருவிய எடை மறைந்துபோவதில்லை, முழுவதும் பின்டயர்களின் மேல் ஏறிக்கொள்கிறது. இது நிற்கும் வண்டியின் கணக்கு. பாலத்தின் இணைப்பிலோ பனிக்காலம் பெயர்த்துவிட்ட சாலையிலோ ட்ரெய்லர் துள்ளி இறங்கும்போது, ஒரு நொடிக்குக் கிங்பின்னின் அழுத்தம் வெகுவாகக் கூடும். அப்போது முன்னால் இழப்பும் பின்னால் கூடுதலும் அதே விகிதத்தில் பெருகும். ஸ்லைடர் உள்ளவர் இந்த நிலையை நடை வேகத்தில், திடலுக்குள், சில நிமிடங்களுக்கு மட்டும் ஏற்கிறார். எட்டு அங்குலம் பின்னால் நிரந்தரமாகப் பொருத்தியவர் மணிக்கு 65 மைல் வேகத்தில் ஒவ்வொரு மைலுக்கும் அதை ஏற்றுக்கொண்டே போகிறார். நெடுஞ்சாலைக்கு வேண்டிய நிலையும் முகாம் திடலுக்கு வேண்டிய நிலையும் வேறு வேறு என்பதும், ஒன்றுக்காக மற்றதைக் காவுகொடுக்கச் சொல்வதுதான் அந்த யோசனையின் குறை என்பதும் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. எட்டு அங்குலம் பின்னால் போனதாலேயே வண்டி ஆபத்தானதாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பம்பரில் மாட்டும் ட்ரெய்லரின் உருண்டை, பின்னச்சிலிருந்து ஏறத்தாழ ஐந்து அடி பின்னால் இருக்கிறது. பக்கக் காற்று ட்ரெய்லரைத் தள்ளும்போது அந்த ஐந்தடி நெம்புகோலாகி ட்ரக்கின் மூக்கைத் திருப்பப் பார்க்கிறது. அச்சுக்கு மேலேயே பிடித்துக்கொள்ளும் ஃபிப்த் வீலில் அந்த நெம்புகோல் இல்லை, பக்கவிசை நேராகப் பின்டயர்களுக்குள் இறங்கிவிடுகிறது. எட்டு அங்குலம் என்பது ஐந்தடிக்கு முன்னால் சிறியதுதான். ஆனால் அந்த நெம்புகோல் இல்லாமல் போவதற்காகத்தானே இத்தனை விலை கொடுத்து, பெட்டின் இடத்தையெல்லாம் இழந்து, ஃபிப்த் வீலை வாங்குகிறோம்? மிச்சிகனின் மேல் தீபகற்பத்துக்கு எங்கள் வழி, 1957இல் திறந்த மெக்கினா பாலத்தைத் தாண்டித்தான் போகிறது. ஐந்து மைல் நீளமுள்ள அந்தப் பாலத்தில் காற்று பலமாகும் நாட்களில் உயரமான வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கிறார்கள். அங்கே அந்த எட்டு அங்குல நெம்புகோலைக்கூட ஏற்க நான் தயாரில்லை.

போதாக்குறைக்கு, நிரந்தரமாகப் பின்னால் தள்ளியும் கிடைப்பது எவ்வளவு? 48இல் 46 போக இரண்டு அங்குலம். அது சமதரையில் உள்ள கணக்கு. திடல்களின் தரை சமமாக இருப்பதில்லை. ட்ரெய்லரின் மூலை ஹிட்சுக்கு மூன்று அடி மேலே இருக்கிறது. ட்ரக்கும் ட்ரெய்லரும் ஒன்றுக்கொன்று மூன்று பாகை சாய்ந்தால்கூட அந்த உயரத்தில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் கரைந்துவிடும். எல்லா மைல்களிலும் விலை கொடுத்தும், தேவைப்படும் அந்த ஒரு திருப்பத்தில் கண்ணாடிக்கு உத்தரவாதம் இல்லை. 12 அங்குல ஸ்லைடரில் நான்கு அங்குலம் மிஞ்சுகிறது, சாய்வுக்கு இரண்டை விட்டுக்கொடுத்தாலும் இரண்டு நிற்கும்.

எந்த ஹிட்ச்?

இடம் முடிவானதும் ஹிட்சின் வகையைத் தேர்வது எளிதாகிவிட்டது. கையால் நகர்த்தும் ஸ்லைடர் எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் திருப்பத்துக்கு முன் இறங்கி, நெம்பை விடுவித்து, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு ட்ரக்கை முன்னே நகர்த்தி, பூட்டிவிட்டு மறுபடி ஏற வேண்டும். முடிந்ததும் அதையே திருப்பிச் செய்ய வேண்டும். நாள் முழுவதும் ஓட்டிவிட்டு, இருட்டும் நேரத்தில், மழையில் திடலுக்குள் நுழைகிறவர், இந்தத் திருப்பம் அவ்வளவு கூர்மையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் தருணத்தை இந்தக் கருவி தடுப்பதில்லை. இந்தியானாவின் மிஷவாக்காவில் புல்ரைட் நிறுவனம் செய்வது போன்ற தானியங்கி ஸ்லைடர்கள், ட்ரெய்லர் மடங்கும் கோணத்துக்கு ஏற்பத் தாமே பின்னால் போய், நேரானதும் தாமே முன்னால் வந்துவிடுகின்றன. இதற்குப் பின் பாக்ஸின் அடியில் கிங்பின்னோடு ஒரு தகட்டைப் பூட்ட வேண்டும், ஹிட்சின் எடையும் கூடுதல். நெடுஞ்சாலையின் மெதுவான வளைவுகளில் கோணம் சிறிது என்பதால் தலை கிட்டத்தட்ட அசையாமல் முன்னிலையிலேயே நிற்கிறது. நான் தேர்ந்தது இந்த வகையைத்தான். பேலோடில் இடம் இருக்கும் குடும்பங்களுக்கு இதையே சொல்வேன்.

மற்ற வழிகளும் உண்டு. சைட்விண்டர் போன்ற பின் பாக்ஸ்கள், கிங்பின்னை ஹிட்சுக்குள் ஆப்பு வைத்துத் திரும்பாமல் நிறுத்திவிட்டு, திரும்பும் அச்சாணியை ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் இன்னும் பின்னால் கொண்டுபோகின்றன. எடை ஹிட்சின் மேலேயே இறங்குவதால் முன்னச்சு பிழைக்கிறது என்றாலும், பக்கவிசை பிடிக்கும் இடம் அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது. எனக்கு வேண்டியதற்கு அது நேரெதிர். கிங்பின்னைக் கழற்றாமல், பெட்டின் தரையில் இருக்கும் கூஸ்நெக் உருண்டையில் மாட்டும் நீட்டிகள் பெட்டைக் காலியாக வைக்க உதவும். ஆனால் அவற்றின் நீண்ட கை ட்ரெய்லரின் சட்டகத்தை முறுக்குகிறது. சட்டகத்தைச் செய்தவர்கள் அதை ஏற்கிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரும் அதில் இறங்கக் கூடாது.

பொருத்தும் முறையையும் இடத்தின் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். தொழிற்சாலையிலேயே பெட்டின் தரையில் நான்கு பக்குகள் (ஹிட்ச் பூட்டிக்கொள்ளும் இணைப்பு இடங்கள்) வைத்து வரும் ட்ரக்குகளில், ஹிட்ச் எங்கே அமர வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துவிடுகிறார், அதைப் பின்னால் தள்ளுவது எளிதல்ல. எங்கள் ட்ரக்கில் பக்குகள் இல்லாததால் குறுக்கு ரெயில்கள் வேண்டியிருந்தன. அந்தந்த மாதிரிக்கென்று செய்த தாங்கிகள், சட்டகத்தில் ஏற்கெனவே இருக்கும் துளைகளைத் தேடிப் போய்ப் பொருந்துகின்றன. எட்டு அங்குலம் பின்னால் என்றால் அந்தத் துளைகள் உதவாது, சட்டகத்தில் புதிதாகத் துளையிட வேண்டும். அந்தப் பணிமனையில் இதைப் பற்றி யாரும் என்னிடம் சொல்லவில்லை. வேறொரு பணிமனையில், ரெயிலைப் பூட்டும் முன் சக்கரத்தின் மையத்திலிருந்து தூக்குநூல் விட்டு, பெட்டின் விளிம்பில் அச்சின் கோட்டைக் குறித்து, அங்கிருந்து இரண்டு அங்குலம் முன்னால் அளந்து காட்டினார்கள். யாராயிருந்தாலும் இந்த அளவை நேரில் நின்று பார்த்துவிட வேண்டும்.

உயரம்தான் கடைசி. ட்ரெய்லரின் அடிப்பாகத்துக்கும் பெட்டின் விளிம்புக்கும் இடையே ஆறு அங்குலமாவது வேண்டும், இல்லையென்றால் பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கும்போது விளிம்பு நசுங்கும். இப்போதைய ட்ரக்குகளின் பெட் உயர்ந்துகொண்டே போவதால், அதற்காக ஹிட்சை உயர்த்தினால் ட்ரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு, அதன் பின் அச்சின் டயர்கள் கூடுதல் பாரத்தில் வேகும். எங்கள் ட்ரெய்லர் சற்றே மூக்குயர்த்தித்தான் நிற்கிறது, அந்த இடைவெளியை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை என்பதால் ட்ரெய்லரின் வில்லடுக்கைத்தான் உயர்த்த வேண்டியிருக்கும். மாட்டும் நேரத்தில் ஹிட்சின் தாடைகள் கிங்பின்னைச் சுற்றி முழுவதும் மூடியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கிங்பின் தாடைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், ட்ரக் நகர்ந்ததும் ட்ரெய்லர் பெட்டின் விளிம்பில் விழும். அதனால் தாங்கு கால்களைத் தரையிலிருந்து ஒரு அங்குலம் மட்டும் தூக்கி, ட்ரெய்லர் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெல்ல முன்னே இழுத்துப் பார்த்த பிறகுதான் கால்களை முழுவதும் ஏற்றுகிறேன்.

இன்னும் ட்ரக் வாங்காதவர்கள் இதைப் படிப்பார்களானால், அவர்களுக்கு என் பரிந்துரை எட்டு அடி பெட். அச்சுக்கு இரண்டு அங்குலம் முன்னால் பொருத்தியும் அதில் கேபினுக்கு 54 அங்குலம் மிஞ்சும், நகராத ஹிட்சே போதும். வீட்டு வாசலிலும் கடைகளின் நிறுத்தத்திலும் ட்ரக் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதுதான் அதற்கான விலை.